கன்றுக்குட்டியை யாரும் கேட்கவில்லை

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா, இல்லை நீ மருந்தோடு வந்து நிற்பாய் என்று பயந்து அடக்கிக்கொள்கிறாரா?

இந்தப் பிரார்த்தனைக் கூடத்துக்கு உபதேசியாக வந்து ஒன்பது வாரம் ஆகிறது. கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே. ஒரு காலத்தில் தானியக் கிடங்காக இருந்த நீள அறை. நாற்காலி எழுபது, ஆள் நாற்பது. பின்பக்கம் எனக்கு ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் துணிக்கொடி மூக்கில் இடிக்கும். ஆறு மாதம் வெள்ளோட்டம். பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முதல் வாரம் பொறுமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பொறுமையை ஏழாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கொடுத்தேன். மூன்றாவது வரிசையில் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் குறட்டை விட்டார். ஐந்தாவது பொறுமைக்கு வரும்போது அவர் குறட்டையே அவரை எழுப்பிவிட்டது. "எறங்க வேண்டிய எடம் வந்துடுச்சா?" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

அடுத்த வாரம் வாயைத் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. அப்போது உன் குடைக்காரன் கதை ஞாபகம் வந்தது. குடையை இரவல் கொடுத்துவிட்டு, அது நனைந்துவிடுமே என்ற கவலையில் வாங்கினவன் பின்னாலேயே நனைந்துகொண்டு போனவன். அதைச் சொன்னேன், அக்கா. ஒருத்தரும் தூங்கவில்லை.

எனக்கு முன்னால் இங்கே இருந்த உபதேசியார் ஒரு வழக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சுவரில் பலகையில் எழுதியே மாட்டியிருக்கிறது: "கதை இந்த வாரம், பேச்சு அடுத்த வாரம்." கதை சொன்ன அன்று உபதேசி விளக்கம் சொல்லக்கூடாது. கேட்டவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு வாரம் வைத்திருந்து, திரும்பி வந்து முதலில் அவர்கள் பேசுவார்கள். அதற்குப் பிறகுதான் நாம். ஏழு பொறுமைக்காரனுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் பிழைத்தது உன்னால். நன்றி சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. நீ சின்ன வயதில் எனக்குச் சொன்னதில் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. மீதியை எழுதி அனுப்பு.

என்றும் உன்
தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு ஆசீர்வாதம்.

முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அத்தானுக்கு இருமல் நின்று, இப்போது பேச்சு அதிகமாகிவிட்டது. இருமலே தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நாற்பத்துமூன்று வயதாகிறது, கூடத்தில் உன்னைக் கட்டிக்கொள்ள ஒருத்தியும் இல்லையா என்று அத்தான் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் பட்டறையில் பஞ்சு அடிக்கும் மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தேன். மறுபடியும் ஒரு தடவை படித்தேன். அப்பா இருந்த காலத்திலிருந்து மெத்தை தைக்கிறேன். என் கையால் தைத்ததற்கு நன்றி சொன்னவர்கள் உண்டு, என் வாய்க்கு நன்றி சொன்னவன் நீதான். சந்தோஷமாக இருந்ததடா. மறைப்பானேன்.

நான் கதை சொன்னது பெரிய ஞானத்தினால் ஒன்றும் இல்லை. புத்தி சொன்னால் நீ காதைப் பொத்திக்கொள்வாய். கதை சொன்னால் வாயைத் திறந்துகொள்வாய். அந்த நேரத்தில் ஒரு வாய் சோற்றையும் ஊட்டிவிடலாம். அவ்வளவுதான் ரகசியம். முடிவில் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டால் மட்டும் எழுந்து ஓடிவிடுவாய். அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். உங்கள் பழைய உபதேசியாருக்கும் ஒரு தம்பி இருந்திருப்பான்.

இதை வைத்துக்கொள். ஓர் ஆள் தலையணை கல்லாக இருக்கிறது என்று மெத்தைக்காரியிடம் வந்தான். "இன்னும் கொஞ்சம் பஞ்சு வை" என்றான். வைத்தாள். அடுத்த வருஷமும் வந்தான், இன்னும் கல்லாக இருக்கிறது, இன்னும் வை என்றான். இப்படி ஆறு வருஷம். ஏழாவது வருஷம் அவள் அவனைக் கேட்காமல் பாதிப் பஞ்சை உருவி எடுத்துவிட்டுத் தைத்துக் கொடுத்தாள். அவன் கையில் தூக்கிப் பார்த்து, "திருடி!" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் வரவே இல்லை. நன்றி சொல்லவும் வரவில்லை, சண்டை போடவும் வரவில்லை.

இதை அப்படியே சொல். ஒரு வார்த்தை கூட்டாதே.

இப்படிக்கு
அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே இருவரும் சுகமாக இருக்க வேண்டும். கல்யாண விஷயமாக அத்தானுக்கு என் பதில்: அவர் படுகிற பாட்டைப் பார்த்த பிறகும் கேட்கிறாரே!

தலையணைக் கதை ஒரு வாரத்தில் என்னென்ன செய்தது என்று கேள். பள்ளிக்கூடச் சமையல்காரம்மா தன் மகளுக்கு வைத்திருந்த டியூஷன் மூன்றில் இரண்டை நிறுத்திவிட்டார். ஒரு பெரியவர் பத்து வருஷமாகத் திறக்காத அலமாரியைக் காலி செய்தார். கார்டு ஐயா எழுந்து நின்று, "ஐயா, உங்க மொத வாரப் பேச்சத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்" என்றார். ஒரே கதைதான், அக்கா. நாற்பது வீட்டுக்குப் போய் நாற்பது வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறது. நான் விளக்கியிருந்தால் ஒரே ஒரு வேலைதான் பார்த்திருக்கும், அதுவும் அரைகுறையாக.

இப்போது ஓர் அவசரம். மார்ச்சில் பொறுப்பாளர்கள் மூன்று பேர் வந்து உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள். என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: "வேளை தவறியவர்கள்." நேரம் வந்தபோது போகாமல் நின்றுவிட்டவர்களைப் பற்றி ஒரு கதை வேண்டும்.

உனக்கு இது அத்துப்படியான பாடமாயிற்றே! நர்ஸ் படிப்புக்கு ஆள் எடுக்கிற பரீட்சைக்குப் பஸ்ஸைக் கோட்டை விட்டவள் அல்லவா நீ? "எட்டு மணி பஸ்ஸை விட்டா ஏழு தலைமுறைக்கும் பஸ் இல்ல" என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாரே. கோபித்துக்கொள்ளாதே, சும்மா வம்புக்குத்தான். நீ நர்ஸாகப் போயிருந்தால் எனக்கு இத்தனை கதை யார் தந்திருப்பார்கள்?

சீக்கிரம் எழுது. இனி என் பிழைப்பு உன் பேனாவில்.

உன் அன்புத்
தம்பி


மார்ச் 4

தம்பிக்கு ஆசீர்வாதம்.

இருவரும் நலம். நீ கேட்டது ஒரு வாரத்தில் முடிகிற வேலை இல்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். இது மூன்றாவது.

ஒரு பெண் ஆற்றுக்கு அக்கரையில் போய் வாழலாம் என்று கிளம்பினாள். அக்கரைக்கு ஒரு படகு உண்டு. அது ஒரே ஒரு முறைதான் வரும். அவள் வீட்டில் ஒரு கன்றுக்குட்டி. அவள் எங்கே போனாலும் பின்னாலேயே வரும். அன்றைக்குப் படகுத்துறைக்கு வந்து திரும்பிப் பார்த்தாள். கன்று வரவில்லை. விடைபெறக்கூட வரவில்லையே என்று அவளுக்கு நெஞ்சு பிசைந்தது. திரும்பி நடந்தாள். வழியெல்லாம் சேறு. ஒரு செருப்பு சேற்றோடு போனது. சாயங்காலம் வரை தேடினாள். கடைசியில் வைக்கோலுக்குள் அது தூங்கிக்கொண்டிருந்தது. கன்று கண்ணைத் திறந்தபோது முதலில் பார்த்தது அவள் கால்களை: ஒன்றில் புதுச் செருப்பு, இன்னொன்றில் வெறும் சேறு. படகு போய்விட்டிருந்தது. அன்றிலிருந்து ஊரில் அவளுக்குப் பேர் "படகை விட்டவள்."

இவ்வளவுதான் கதை. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அத்தானிடமும் இல்லை. உனக்குத் தேவை என்றாய், அதனால் அனுப்புகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுவரில் மாட்டியிருக்கிற பலகையை அன்றைக்கு மறந்துவிடாதே. கதையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடு. இந்தக் கதைக்கு மட்டுமாவது விளக்கம் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 22

என் அருமை அக்காவுக்கு,

நலம், நலத்துக்கு மேலே நலம்! பொறுப்பாளர்கள் நேற்று வந்து போனார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படி ஒரு உபதேசியத்தான் தேடிட்டு இருந்தோம்" என்றார். இன்னும் எழுத்தில் தரவில்லை, ஆனால் கிடைத்த மாதிரிதான். உனக்கு எப்படி நன்றி சொல்வேன்!

உன் கதையை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். உட்காரப் போனேன். முதல் வரிசையில் மூன்று பேரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள். அவர்கள் அடுத்த வாரம் வரப் போவதில்லை. கதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதனால் உட்காரவில்லை. நீ வேண்டாம் என்றாய், தெரியும். ஆனால் சொல்லச் சொல்லத் தானாக வந்தது, அக்கா. நான் இதுவரை பேசியதிலேயே நல்ல பேச்சு அதுதான்.

என்ன சொன்னேன் என்றால்: "கன்னுக்குட்டிக்கு நாலு காலு இருக்கு. பசிச்சா தானா வீட்டுக்கு வரும். அது அவளுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஏன் திரும்பினா? அக்கரைக்குப் போக அவளுக்குப் பயம். அந்தப் பயத்துக்கு அன்புன்னு பேர் வெச்சுக்கிட்டா. கன்னுக்குட்டிய ஒரு சாக்கா புடிச்சுக்கிட்டா. நமக்கும் ஆளுக்கு ஒரு கன்னுக்குட்டி இருக்கு."

கடைசி வரிக்குச் சமையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார்டு ஐயா மட்டும் சுவரில் இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அப்படித்தான்.

அத்தானுக்கு என் வணக்கம். பதில் போடு.

பூரிப்போடு
தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே எல்லோரும் நலம்தானே? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. என் கடிதம் வந்ததா? முழங்கால் மறுபடி படுத்துகிறதா? இல்லை, விளக்கம் சொன்னதற்குக் கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. நீ திட்டி எழுதினாலும் அதில் ஒரு கதை இருக்கும்.

தம்பி


மே 8

மச்சானுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் அக்கா நடமாட்டமாகத்தான் இருக்கிறாள். வேலைக்கு வருகிறாள், சாப்பிடுகிறாள். உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்று அதைப் படித்து, மடித்து, மெத்தை உறைகள் வைக்கிற ரேக்கின் அடியில் வைத்தாள். பிறகு ஒரு மெத்தையைத் தைத்தாள். பிரித்தாள். மறுபடி தைத்தாள். மூன்று தரம். "ஏதாவது நான் பேசிட்டனா?" என்று கேட்டேன். முப்பது வருஷ அனுபவத்தில் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். "உங்களால இல்ல" என்றாள். அதுவே எனக்குப் பயமாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு நாள், கோணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ஏங்க, நான் பயந்தாங்கொள்ளியா?" என்று கேட்டாள். "கரப்பான்பூச்சிக்கு மட்டும்" என்றேன். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காத வீட்டில் இருப்பது கஷ்டம், மச்சான்.

நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் கடிதத்தை நான் பிரித்துப் படிப்பதில்லை. ஆனால் எழுதினவர் நீங்கள், அதனால் சரி செய்ய வேண்டியவரும் நீங்கள்தான். தாமதம் வேண்டாம்.

இப்படிக்கு
அத்தான்


மே 26

அக்கா,

நீ நலமா என்று கேட்க எனக்கு இன்றைக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

அத்தான் கடிதம் வந்த பிறகும் எனக்குப் புரியவில்லை. நான் எவ்வளவு மக்கு என்று பார். பத்து நாள் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். போன வாரம் கூடத்தில் பழைய கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிற ஓர் அம்மா இருக்கிறார், அதிகம் பேசமாட்டார். அவர் எழுந்தார்.

"ஐயா, படகுக் கதையில எனக்கு ஒரு சந்தேகம். அன்னைக்கு நீங்களே வெளக்கம் சொல்லிட்டதால எங்களுக்குப் பேச எடமே இல்லாமப் போச்சு. அந்தப் பொண்ணப் பத்தி எல்லாரும் பேசறோம். கன்னுக்குட்டி என்ன நெனச்சுதுன்னு யாருமே கேக்கலையே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பஞ்சு வாசனை அடித்தது, அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன். தானியக் கிடங்கின் நடுவில் நின்றுகொண்டு நம் பட்டறைப் பஞ்சு வாசனை. அப்பாவின் பட்டறையில், புதுப் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால், நான் கண்ணைத் திறக்கிறேன். எதிரே உன் கால்கள். ஒன்றில் பரீட்சைக்கென்று வாங்கின நீலச் செருப்பு. இன்னொன்று முழங்கால் வரை சேறு.

அந்த வரியை நாற்பது பேருக்கு முன்னால் நானே என் வாயால் வாசித்தேன். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. கதை கேட்கிறவன் நியாயம் சொல்ல நாற்காலியில் ஏறி உட்காருகிறான், தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகுதான் வழக்கு தன்மேல் என்று தெரிகிறது என்று நானே எத்தனையோ தடவை உபதேசம் பண்ணியிருக்கிறேன். எனக்கு அது இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அன்று நான் பள்ளிக்கூடம் போகாமல் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஏன் ஒளிந்தேன் என்று எழுத வரவில்லை. நீ என்னைத் தேடித் திரும்பி வந்திருக்கிறாய். மத்தியானம் அப்பா வந்து "பஸ்ஸ விட்டுட்டியா?" என்று கத்தியபோது, தம்பியைத் தேடினேன் என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாம். பழி என்மேல் வந்திருக்கும், அதோடு தீர்ந்திருக்கும். நீ சொல்லவில்லை. முப்பத்துநாலு வருஷம் அந்தப் பேரைச் சுமந்தாய். அந்தக் கதையை நீ எனக்குக் கொடுத்தாய், நான் கூட்டத்தின் முன்னால் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டு, அதற்குக் கைகுலுக்கலும் வாங்கிக்கொண்டேன்.

நேற்று கூடத்தில் எழுந்து நின்று என் விளக்கம் தப்பு என்று சொன்னேன். அந்தப் பெண் என் அக்கா என்றும், கன்று நான் என்றும் சொன்னேன். பொறுப்பாளர்களுக்குப் போன வாரமே எழுதிவிட்டேன். இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. பார்க்கட்டும்.

எனக்காக ஒரு வாழ்க்கையையே விட்டவளே, உன்னிடம் மன்னிப்புக் கேட்பதா நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் எடுத்துக்கொள்.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு ஆசீர்வாதம்.

நான் நலம். நிஜமாகவே நலம். உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவர், "அப்போ கரப்பான்பூச்சி விஷயம் இல்லையா?" என்றார். சிரித்துவிட்டேன். மூன்று மாதத்துக்குப் பிறகு.

நீ அழுதிருக்கிறாய் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் தம்பி, இரண்டாவது தடவையும் நீ தப்பாகத்தான் விளக்கம் சொல்லியிருக்கிறாய். என்னைப் பெரிய தியாகி ஆக்கிவிட்டாய். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் எனக்குப் பாவம். அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கதையில் நான் ஒரு பொய் வைத்திருக்கிறேன். சாயங்காலம் வரை தேடினாள் என்று எழுதினேன் அல்லவா? நான் தேடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் நேராகப் பட்டறைக்குப் போனேன். நீ கோபித்துக்கொண்டால் வேறெங்கே போவாய்? உன் கால் மூட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுவரில் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழரை. பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருந்தது. நடந்தே போனாலும் பத்து நிமிஷம்.

உன்னை எழுப்பி, தலையைத் தடவிவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பயம், தம்பி. அவ்வளவு பெரிய ஊர், தெரியாத ஆட்கள், ஊசி, ரத்தம், பரீட்சையில் தோற்றுவிட்டால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. நீ பஞ்சுக்குள் தூங்குகிறதைப் பார்த்ததும் எனக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அப்பாடா என்று இருந்தது.

மார்ச் மாதம் நீ கூடத்தில் சொன்னதுதான் நிஜம். பயத்துக்கு அன்பு என்று பேர் வைத்துக்கொண்டேன். அது பொய்யாக இருந்திருந்தால் உன்னை நாலு திட்டுத் திட்டி அன்றைக்கே பதில் போட்டிருப்பேன். நிஜமாக இருந்ததால்தான் கை ஓடவில்லை. அப்பாவிடம் உன் பேரைச் சொல்லாததும் உனக்காக இல்லை. சொன்னால் எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்பாரே.

மத்தியானம் பள்ளிக்கூடம் போகாததற்காக அப்பா உன்னை ஓங்கி ஓர் அறை அறைந்தார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அந்த அறை என் கன்னத்தில் விழ வேண்டியது. எனக்கு மறக்காதது பஸ் இல்லை, அதுதான்.

பிறகு நான் கஷ்டப்பட்டேனா? இல்லை. இந்தப் பட்டறை எனக்குப் பிடித்தது. அத்தான் கிடைத்தார். நாள் முழுக்கக் கை வேலை செய்யும், வாய் கதை சொல்லும். நான் இருக்க வேண்டிய இடத்தில் என்னை இருக்க வைத்தவன் நீ. அதனால் நன்றி சொல்ல வேண்டியவள் நான், கணக்கைத் தலைகீழாக எழுதாதே. அடியும் வாங்கிக்கொண்டு எனக்கு ஒரு சாக்கும் கொடுத்தாயே, அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என் நன்றியைச் சொல்.

இதைக் கூடத்தில் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கையில் இருக்கிறது. கூடத்தில் இதைச் சொல்லப் போவதில்லை. இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

நீ நன்றி சொல்லச் சொன்ன ஒன்பது வயதுப் பிள்ளை உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்கிறான். போன கடிதத்தில் எழுத வரவில்லை என்றேனே, அது. கண்ணாடிக்கடை அம்மா கேட்டதும் அதைத்தான்.

அறை எனக்கு வலிக்கவில்லை, அக்கா. நியாயமாக விழ வேண்டியவன்மேல்தான் விழுந்தது. நீ ஊரை விட்டுப் போகக்கூடாது என்றுதான் ஒளிந்தேன். நான் இல்லை என்றால் தேடி வருவாய் என்று தெரியும். எங்கே தேடுவாய் என்றும் தெரியும். அதனால்தான் காலை வெளியே நீட்டி வைத்திருந்தேன். இத்தனை வருஷம் இதை மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. உன் கதையைப் படித்தபோது உள்ளே எங்கேயோ தெரிந்திருக்கிறது. பழி முழுக்க அவள்மேலேயே விழட்டும் என்றுதான் அவ்வளவு ஆவேசமாக விளக்கம் சொன்னேன்.

நான் தூங்கவில்லை, அக்கா. நீ வந்தது தெரியும், பக்கத்தில் உட்கார்ந்தது தெரியும். எழுப்பப் போகிறாய் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நீ எழுப்பவே இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குத் தெரியுமா? அந்த அரை மணி நேரத்துக்கு நான் இன்றுவரை உனக்கு நன்றி சொன்னதே இல்லை.

எட்டு மணிக்குத் தூரத்தில் பஸ் நின்று மூன்று தடவை ஹாரன் அடித்தது. நீ அசையவில்லை. நானும் அசையவில்லை.

உன்
தம்பி